ஒரு பெட்டி, நாலு டிவி: வீடியோ சிக்னலைப் பிரிக்கவும் தூரம் கொண்டுபோகவும் முழுமையான வழிகாட்டி

கல்யாண மண்டபத்தில் மேடை கீழே இருக்கும், பந்தி மாடியில் நடக்கும். முகூர்த்த நேரத்தில் பாதிப் பேர் இலைக்கு முன்னால் இருப்பார்கள். "அண்ணாச்சி, மாடியில ரெண்டு டிவி வச்சுருங்க, வாசல்ல ஒண்ணு. ஒரு வயருதான இழுக்கப் போறிய" என்று பெண்ணின் சித்தப்பா சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வயருக்காகத்தான் நான் முந்தின நாள் சாயங்காலமே ஏணியோடு போய் நிற்பேன்.

பாளையங்கோட்டையைச் சுற்றிக் கல்யாணம், கோயில் கொடை விழா, வீடு, கடை என்று வீடியோ லைன் இழுப்பது என் பிழைப்பு. எங்கே போனாலும் முதலில் காதில் விழுவது, "சிக்னல் வீக்கா இருக்கு, ஒரு பூஸ்டர் போட்டா சரியாயிரும்" என்பதுதான். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று வயதானவர்களுக்குத் தெரியும். எண்பதுகளில் இலங்கை டிவியான ரூபவாஹினி பார்ப்பதற்காகத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) நீளக் கம்பம் நட்டு, ஆன்டெனா கட்டி, பூஸ்டர் போட்டவர்கள் நம் பக்கத்து ஆட்கள். ஆனால் அந்த பூஸ்டரையும் கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவை ஒட்டித்தான் கட்டினார்கள், டிவிக்குப் பின்னால் அல்ல. காரணம் கீழே வரும்.

1. உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள்

எல்லா டிவியிலும் ஒரே படம் வேண்டுமா, ஒவ்வொரு டிவியிலும் வேறு வேறு சேனல் வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போகக் கூடாது.

ஒரே படம் என்றால் ஸ்ப்ளிட்டர். ஒரு உள்ளே, பல வெளியே. வேறு வேறு சேனல் என்றால் எந்த ஸ்ப்ளிட்டரும் உதவாது. டிவிக்கு ஒரு செட்டாப் பாக்ஸ் வேண்டும். பெட்டிக்குப் பின்னாலிருந்து டிவிக்குப் படமும் சத்தமும் சேர்த்துக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ வயரைப் பிரிக்கக் கூடாது, பெட்டிக்கு முன்னால் வரும் கேபிளைத்தான் பிரிக்க வேண்டும். இது வேறு வேலை, ஐந்தாவது பகுதியில் பார்க்கலாம். செட்டாப் பாக்ஸ், டிவிடி, கேம் பெட்டி எல்லாவற்றையும் ஒரே டிவியில் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் ஸ்விட்ச். பல உள்ளே, ஒன்று வெளியே. இரண்டும் கலந்தது மேட்ரிக்ஸ்.

கடையில் ஸ்ப்ளிட்டர் கேட்டால் ஸ்விட்சைக் கொடுத்துவிடுவதுண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் தீப்பெட்டி மாதிரி ஒன்றுபோல் இருக்கும். மேலே ஒரு அமுக்கும் பட்டன் இருந்து, அடாப்டர் இல்லாமல் இருந்தால் அது ஸ்விட்ச். இரண்டு டிவியைச் சொருகினாலும் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் படம் வரும். உண்மையான ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டும், கூடவே ஒரு அடாப்டரோ யுஎஸ்பி வயரோ இருக்கும். ஒரு முனை இரண்டாகப் பிரியும் எச்டிஎம்ஐ வயர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பிரிக்கத்தான் வேண்டுமா? அல்வாக் கடைக்காரர் ஒருவர் கல்லாவில் தெரியும் சிசிடிவி படம் மாடி வீட்டு டிவியிலும் தெரிய வேண்டும் என்றார். கேமராப் படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டியின் பின்பக்கம் எச்டிஎம்ஐ, விஜிஏ (கம்ப்யூட்டர் மானிட்டருக்கான பழைய வகை வாய்) இரண்டும் இருந்தன. இரண்டிலும் ஒரே நேரத்தில் படம் வரும் மாடல் அது. கல்லாவுக்கு விஜிஏ, மாடிக்கு எச்டிஎம்ஐ. வேலை முடிந்தது. வீட்டில் இரண்டாவது டிவிக்குச் சினிமாவும் சீரியலும்தான் வேண்டும், இணைய வசதியும் இருக்கிறது என்றால், சுவரைக் குடைவதைவிட, டிவியில் சொருகி இணையத்தில் படம் பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்குவது லாபம்.

2. வரைந்து, அளந்து, தரையில் கூட்டிப் பாருங்கள்

ஒரு தாளில் பெட்டி எங்கே, டிவிகள் எங்கே, பிளக் பாயிண்ட் எங்கே என்று குறியுங்கள். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். சணல் கயிறு ஒன்றை வயர் போகிற வழியிலேயே, நிலைப்படியைச் சுற்றி, சுவரேறி, உத்தரத்தைத் தாண்டி விட்டு அளங்கள். பட்டாசலில் (ஹாலில்) இருந்து மாடி அறைக்கு நேர்க்கோட்டில் ஆறு மீட்டர் இருக்கும். கயிறு பதினான்கு காட்டும். அதோடு இரண்டு மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சுவரில் ஒரு ஆணிகூட அடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் வைத்துச் சின்ன வயர்களால் இணைத்துப் பாருங்கள். பெட்டி, ஸ்ப்ளிட்டர், எல்லா டிவியும். தரையில் ஓடாதது சுவரில் ஓடாது. தரையில் ஓடி, சுவரில் ஓடவில்லை என்றால் குற்றம் வயரில் என்று உடனே தெரிந்துவிடும். இந்த அரை மணி நேர வேலையைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், நானும் ஆரம்பத்தில் தாண்டிப் போனவன்தான்.

3. ஸ்ப்ளிட்டர் என்கிற தரகர்

எச்டிஎம்ஐ-யில் வரும் கோளாறுகளில் பாதி சிக்னலின் பலத்தைப் பற்றியவை அல்ல. பேச்சுவார்த்தையைப் பற்றியவை.

டிவியைப் பெட்டியோடு இணைத்ததும் டிவி தன் ஜாதகத்தைப் பெட்டியிடம் நீட்டுகிறது. எனக்கு இன்ன அளவுப் படம் பிடிக்கும், இன்ன மாதிரிச் சத்தம் பிடிக்கும் என்று அதில் எழுதியிருக்கும். இதற்கு ஈடிஐடி என்று பெயர். பெட்டி அதைப் படித்துப் பார்த்து, பொருத்தமான படத்தை அனுப்புகிறது. நாலு டிவி இருந்தால் நாலு ஜாதகம். பெட்டிக்கோ ஒன்றைத்தான் பார்க்கத் தெரியும். நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் எந்த ஜாதகத்தைக் காட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும். சில ஸ்ப்ளிட்டர் முதல் போர்ட்டில் இருக்கும் டிவியின் ஜாதகத்தை அப்படியே காட்டும். சில, நாலிலும் பொதுவானதைப் பொறுக்கிக் காட்டும்.

இதனால் என்ன ஆகும்? பட்டாசலில் மிகத் தெளிவான படம் காட்டும் புதிய 4கே டிவி, அடுக்களையில் பத்து வருடத்துப் பழைய சின்ன டிவி. ஸ்ப்ளிட்டர் பொதுவானதைப் பொறுக்கினால், பழைய டிவிக்கு ஏற்றபடி எல்லாப் படமும் 720பி என்ற குறைந்த தெளிவுக்கு இறங்கிவிடும். "புது டிவி வாங்கியும் படம் மங்கலா இருக்கே" என்று அப்பா புலம்புவார். முதல் போர்ட்டில் 4கே டிவி இருந்து அதன் ஜாதகத்தையே காட்டினால், அடுக்களை டிவி கறுப்பாகிவிடும், அல்லது ஆதரவில்லை என்று எழுத்து காட்டும்.

தீர்வு எளிது. வாங்கும்போதே ஈடிஐடி அமைக்கும் குட்டி ஸ்விட்சுகள் உள்ள ஸ்ப்ளிட்டராக வாங்குங்கள். பக்கவாட்டில் பல்வரிசை மாதிரி மூன்று நான்கு இருக்கும், ஊசியால் தள்ள வேண்டும். அதில் 1080பி (இரண்டுக்கும் நடுவில் உள்ள தெளிவு), ஸ்டீரியோ என்ற நிலையில் வைத்துவிட்டால் யார் ஜாதகத்தையும் கேட்காமல் பெட்டி அதையே அனுப்பும். கலவையான டிவிகள் இருக்கும் இடத்தில் நான் வேறு எதையும் முயற்சி செய்வதே இல்லை. அப்படிப்பட்ட ஸ்ப்ளிட்டர் இல்லையென்றால், பெட்டியின் செட்டிங்கில் போய் படத்தைக் கையாலேயே 1080-இல் நிறுத்துங்கள்.

சத்தத்திலும் இதே கதைதான். ஒரு டிவி ஹோம் தியேட்டரோடு இணைந்திருந்தால் பெட்டி பல ஸ்பீக்கருக்கான 5.1 சத்தத்தை அனுப்ப ஆரம்பித்துவிடும். அது புரியாத மற்ற டிவிகள் ஊமையாகிவிடும். பெட்டியின் ஆடியோ செட்டிங்கை பிசிஎம் (எல்லா டிவிக்கும் புரியும் சாதாரணச் சத்தம்) அல்லது ஸ்டீரியோ என்று மாற்றினால் எல்லாம் பேசும்.

ஜாதகத்துக்கு அடுத்தது பூட்டும் சாவியும். செட்டாப் பாக்ஸும் ஓடிடி பெட்டியும் படத்தை எச்டிசிபி என்ற பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகின்றன. நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட்டர், கடைசியில் இருக்கும் டிவி எல்லோரிடமும் சாவி இருக்க வேண்டும். 4கே படங்களுக்குப் பெரும்பாலும் 2.2 என்ற புதிய பூட்டு. பழைய டிவியிடம் 1.4 சாவிதான் இருக்கும். இந்த இடத்தில் படம் கறுப்பாகிவிடும், அல்லது சில விநாடிக்கு ஒரு தடவை வந்து வந்து மறையும். ஸ்ப்ளிட்டர் பெட்டியின் மேல் 2.2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கல்யாண வீட்டு வீடியோ மிக்சரிலிருந்து (பல கேமராப் படத்தை மாற்றி மாற்றி அனுப்பும் கருவி) வருவது நம் சொந்தக் கேமரா படம், அங்கே பூட்டே இல்லை. அதனால்தான் மண்டபத்தில் நன்றாக ஓடிய ஸ்ப்ளிட்டர் வீட்டில் மக்கர் பண்ணுகிறது.

ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் ஸ்ப்ளிட்டர் என்று கோத்துக்கொண்டே போகலாமா? விதிப்படி சில அடுக்குகள் வரை போகலாம். நான் இரண்டைத் தாண்டுவதில்லை. எட்டு டிவி வேண்டுமா, எட்டுவழி ஸ்ப்ளிட்டர் ஒன்று வாங்குங்கள்.

ஆன் செய்யும் வரிசை: முதலில் டிவிகள், அடுத்து ஸ்ப்ளிட்டர், கடைசியில் பெட்டி. ஜாதகம் கேட்கிறவன் வரும்போது கொடுக்கிறவர்கள் விழித்திருக்க வேண்டும். ஒரு டிவியை நிறுத்தும்போது மற்ற டிவிகள் ஒரு விநாடி கண் சிமிட்டினால் பயப்பட வேண்டாம், பேச்சுவார்த்தை மறுபடி நடக்கிறது, அவ்வளவுதான்.

4. தூரம் கூடும்போது

1080பி படத்துக்கு விநாடிக்குச் சுமார் 4.5 கிகாபிட் தகவல் போக வேண்டும். 4கே-யில் விநாடிக்கு 60 பிரேம் என்றால் 18 கிகாபிட். அதனால் ஒரே வயரில் முன்னது 10 மீட்டர் சிரமமில்லாமல் போகும், தடித்த நல்ல வயரில் 15 மீட்டரும் போகும். பின்னது 5 மீட்டரிலேயே மூச்சு வாங்கும். செட்டாப் பாக்ஸ் 1080-ஐத் தாண்டாத வீட்டில் 4கே ஸ்ப்ளிட்டருக்கும் 4கே வயருக்கும் காசு கொடுப்பது வீண்.

பதினைந்து மீட்டருக்கு மேல் போனால் மூன்று வழிகள்.

முதலாவது, கேட்6 வயர் மூலம் கொண்டுபோகும் எக்ஸ்டென்டர். ஒரு முனையில் அனுப்பும் பெட்டி, மறுமுனையில் வாங்கும் பெட்டி, நடுவில் நெட்வொர்க் வயர். நான் அதிகம் பயன்படுத்துவது இதுதான். 1080பி-யை 50, 60 மீட்டர் கொண்டுபோகும் வகைகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. எச்டிபேஸ்டி என்ற தரத்தில் 100 மீட்டரும் போகலாம். இதில் இரண்டு இனம் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, வயர் நேராக முனைக்கு முனை போக வேண்டியது. இதை நெட்வொர்க் ஸ்விட்சில் (கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டி, முதலில் சொன்ன ஸ்விட்ச் அல்ல) சொருகினால் ஓடாது. மற்றது ஐபி வகை. நெட்வொர்க் ஸ்விட்ச் வழியாகவே பல டிவிகளுக்குப் பிரித்து அனுப்பலாம். ஆனால் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் கொஞ்சம் தாமதமாக வரும், சில பெட்டிகளில் கால் விநாடி, அரை விநாடிகூட ஆகும். ஒரு மண்டபத்தில் மேடை ஓரத்து எல்இடி திரைக்கு இதைப் போட்டுவிட்டேன். கெட்டிமேளம் காதில் விழுந்த பிறகு திரையில் மாப்பிள்ளை கை தாலியோடு கழுத்தை நோக்கிப் போகிறது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மை, "எய்யா, இன்னொரு தடவ கட்டுதானா?" என்று கேட்டுவிட்டாள். மேடை கண்ணில் படாத பந்தி அறைக்கும் வாசலுக்கும் ஐபி வகை போதும். மேடையும் திரையும் சேர்ந்து தெரியும் இடத்துக்கு நேர்வயர் வகைதான்.

கேட்6 வாங்கும்போது கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவந்து உள்ளே வெளுத்திருந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. சிசிடிவிக்கே அது சுமார்தான், எச்டிஎம்ஐ-க்கு ஆகவே ஆகாது. முழுச் செம்பு வயரே வேண்டும். இரண்டு முனையிலும் இழைகளை ஒரே வரிசையில் கனெக்டருக்குள் விட்டுக் கருவியால் அமுக்குங்கள் (கிரிம்ப்): வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நடுவில் ஜாயின்ட் போடாதீர்கள். கரண்ட் வயரோடு ஒரே குழாயில் விடாதீர்கள், ஒரு அடியாவது தள்ளியே போகட்டும். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் குறுக்காகத் தாண்டட்டும். மிச்ச வயரை இறுக்கிச் சுருட்டிக் கட்டாமல் அகலமான வளையமாக விடுங்கள்.

மாடியில் இருந்துகொண்டே கீழே உள்ள பெட்டியில் சேனல் மாற்ற வேண்டும் என்றால், ரிமோட் கண் உள்ள எக்ஸ்டென்டராக வாங்குங்கள். வாங்கும் பெட்டியில் சொருகும் கறுப்புக் கண் டிவி ஓரத்தில், அனுப்பும் பெட்டியில் சொருகும் வால் செட்டாப் பாக்ஸின் ரிமோட் சில்லுக்கு நேராக. இரண்டையும் மாற்றிச் சொருகிவிட்டு ஒரு மணி நேரம் தேடுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும்.

இரண்டாவது வழி, ஒளியிழை (ஃபைபர்) எச்டிஎம்ஐ வயர். 30, 50 மீட்டர், அதற்கு மேலும் போகும், 4கே-யும் தாங்கும். ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்ப்ளே என்றும் எழுதியிருக்கும். சுவருக்குள் விட்ட பிறகு திருப்பிப் போட்டுவிட்டோம் என்று தெரிந்தால் அழுகை வரும். கூர்மையாக மடக்கினால் உள்ளே ஒடிந்துவிடும், ஒட்டவும் முடியாது.

மூன்றாவது, கம்பியில்லா எச்டிஎம்ஐ. நெல்லை டவுனில் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பழைய வீட்டுச் சுவரின் கனத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். ஒரே அறைக்குள் என்றால் சரி.

5. பூஸ்டரும் கடைமடையும்

இப்போது கேபிள் டிவிக்கு வருவோம். உள்ளே வரும் கோஆக்ஸ் கேபிளை (நடுவில் ஒரு கம்பி, சுற்றி வலைக்கம்பி உள்ளது) மூன்று நான்கு செட்டாப் பாக்ஸுக்குப் பிரிக்கும் வேலை. உண்மையிலேயே சிக்னல் பலம் பேசும் இடம் இதுதான்.

பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் சிக்னல் குறையும். அந்தக் குறைவை அளப்பது டெசிபெல்லில். இருவழி ஸ்ப்ளிட்டரில் சுமார் 3.5 முதல் 4 டெசிபெல், நாலுவழியில் 7 முதல் 8, எட்டுவழியில் 11-க்குப் பக்கம். 3 டெசிபெல் போனாலே பலம் பாதியாகிவிட்டது என்று பொருள். ஆர்ஜி6 என்ற வகைக் கோஆக்ஸ் கேபிள் உயர் அலைவரிசையில் 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபெல்லைத் தின்னும். கேபிள்காரர் கையில் இருக்கும் மீட்டரில் செட்டாப் பாக்ஸ் முனையில் 50-க்கும் 70-க்கும் நடுவில் (டெசிபெல் மைக்ரோவோல்ட் கணக்கில்) காட்டினால் எனக்குத் திருப்தி.

ஒரு கணக்கு போடுவோம். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் 58. நாலுவழி ஸ்ப்ளிட்டரில் 7.5 போகிறது, 15 மீட்டர் கேபிளில் 3 போகிறது. மிச்சம் 47.5. சாயங்காலம் சீரியல் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். நுழையும் இடத்திலேயே, ஸ்ப்ளிட்டருக்கு முன்னால், 12 டெசிபெல் பூஸ்டர் ஒன்றைப் போட்டால் கடைசியில் 59.5 நிற்கும். எல்லா டிவியும் ஒரே பூஸ்டரில் பிழைக்கும்.

அதே பூஸ்டரைக் கடைசி டிவிக்குப் பின்னால் போட்டால் மீட்டரில் எண் அதேதான் வரும், படம் வராது. தாமிரபரணித் தண்ணீர் வரும் கன்னடியன் கால்வாயின் கடைமடையில் வயல் வைத்திருக்கிறவரைக் கேளுங்கள். தலைமடையில் திறந்துவிடாமல் கடைமடையில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் சேறும் சகதியும்தான் ஏறும். பூஸ்டருக்கு எது படம், எது இரைச்சல் என்று தெரியாது, வருவதை எல்லாம் சேர்த்துப் பெரிதாக்கும். வழியில் இரைச்சலில் கலந்துவிட்ட சிக்னலை எந்தப் பெட்டியாலும் பிரித்தெடுக்க முடியாது. ரூபவாஹினி காலத்துப் பூஸ்டர் கம்பத்தின் உச்சிக்கு ஏறியது இதனால்தான்.

அளவுக்கு மீறியும் போகக் கூடாது. கூடுதல் பலம் வந்தாலும் படம் உடையும். பக்கத்துத் தெருவில் ஒருவர் இரண்டு பூஸ்டரை அடுத்தடுத்துக் கோத்துவிட்டுப் படம் இன்னும் மோசமாகிவிட்டது என்று என்னை அழைத்தார். இரண்டையும் கழற்றினேன், ஒரு கனெக்டரை மாற்றினேன், படம் வந்தது.

கனெக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பூஸ்டர் கேட்டு வரும் வீடுகளில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது கோஆக்ஸ் கேபிள் முனையில் இருக்கும் எஃப் கனெக்டரைத்தான். நடுக்கம்பி கனெக்டர் வாயிலிருந்து ஒரு நெல்மணிக்கும் குறைவாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டினால் போதும். வலைக்கம்பியின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் தொலைந்தது. திருகு மாடலைவிட, கருவியால் அமுக்கும் மாடல் பல மடங்கு மேல். ஸ்ப்ளிட்டரில் பயன்படுத்தாத வாயைத் திறந்து விடாமல் 75 ஓம் மூடி ஒன்றைத் திருகிவிடுங்கள். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கனெக்டரைப் பச்சை பூக்க வைத்துவிடும். அங்கே வெளியில் இருக்கும் ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் ரப்பர் டேப் சுற்றுவது கட்டாயம்.

6. டிஷ் வைத்திருப்பவர்களுக்கு

கேபிளுக்கு ஓடும் ஸ்ப்ளிட்டரை டிஷ்ஷுக்கும் போட்டுவிட்டு, "பாதி சேனல் வரவில்லை" என்று வருவார்கள். டிஷ்ஷிலிருந்து வரும் வயரில் சிக்னல் கீழே வருவதோடு, செட்டாப் பாக்ஸிலிருந்து கட்டளையும் மேலே போகிறது. பெட்டி 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் தலை) ஒருவகைச் சேனல்களைத் தரும், 18 வோல்ட் அனுப்பினால் இன்னொரு வகை. ஒரே வயரில் இரண்டு பெட்டி இரண்டு கட்டளை போட்டால் பெரிய வோல்ட்டேஜ்தான் ஜெயிக்கும். மாடியில் அக்கா சேனலை மாற்றுவாள், கீழே ஆச்சியின் சீரியல் காணாமல் போகும். போதாததற்கு, டிஷ் வயரில் வருவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ். சாதாரண கேபிள் ஸ்ப்ளிட்டர் 1000-க்கு மேல் விடுவதில்லை.

இரண்டு பெட்டிக்கு இரட்டை வாய் எல்என்பி, நான்கு பெட்டிக்கு நாலு வாய். ஒவ்வொரு வாயிலிருந்தும் தனி ஆர்ஜி6. பத்துப் பன்னிரண்டு குடித்தனம் இருக்கும் வளவுக்கோ லாட்ஜுக்கோ மல்டிஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது, அதில் எத்தனை வாய் இருக்கிறதோ அத்தனை பெட்டியும் தனித்தனியாகக் கட்டளை போடலாம். பெட்டிக்குப் பெட்டி சந்தா தனி. கடை, ஓட்டல், லாட்ஜில் காட்டுவதற்கு வீட்டுச் சந்தா செல்லாது, அதற்கென்று உள்ளதை வாங்க வேண்டும்.

கனமழையில் படம் போனால் அதற்கு மருந்து இல்லை, மழை விட்டதும் வரும். ஆனி, ஆடியில் போனால் மழையைக் குறை சொல்ல முடியாது. பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்றுதான் டிஷ்ஷின் போல்ட்டையும் தளர்த்துகிறது. சித்திரையிலேயே ஏறி எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். இறங்கும் வயரில், சுவருக்குள் நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விடுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராது.

7. கரண்ட்டும் இடியும்

ஒரு அம்மன் கோயில் கொடை. வில்லுப்பாட்டு மேடைக்குப் பக்கத்தில் எல்இடி திரை, அது ஜெனரேட்டரில் ஓடுகிறது. என் மிக்சர் கோயில் கரண்ட்டில். இரண்டையும் எச்டிஎம்ஐ வயரால் இணைக்கக் கையைக் கொண்டுபோனேன். முனை தொட்ட இடத்தில் சின்னதாக ஒரு நீலப்பொறி. மிக்சரின் அந்த வாய் அன்றோடு சரி. சாமக்கொடை முடியும்வரை ஒற்றைக் கேமராவை நேராகத் திரைக்குக் கொடுத்து ஒப்பேற்றினேன்.

தவறு என்னுடையது. இரண்டு கரண்ட்டின் எர்த்தும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் எச்டிஎம்ஐ வயரின் உறை வழியாகச் சமன் செய்துகொள்ளப் பார்த்தது. அதிலிருந்து மூன்று பழக்கம் வந்தது. இணைக்கும் எல்லாக் கருவிக்கும் முடிந்தவரை ஒரே இடத்திலிருந்து கரண்ட். எர்த் பின்னை ஒடித்த பிளக் எதையும் அனுமதிப்பதில்லை. வயரை எல்லாம் சொருகிய பிறகே ஸ்விட்சைப் போடுவது. வேறு வேறு கரண்ட்டில்தான் ஓட வேண்டும் என்றால் முழுக்க ஒளியிழையால் ஆன வயர் நல்லது. கண்ணாடியில் கரண்ட் பாயாது. செம்புக் கம்பியும் கலந்த ஒளியிழை வயர்கள் உண்டு, அது இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் வயரையும் கேபிள் வயரையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். இடி இறங்கிய வீட்டில் ஒரு பெட்டி மட்டும் போகாது, ஸ்ப்ளிட்டர் வழியாக எல்லா டிவியின் எச்டிஎம்ஐ வாயும் சேர்ந்து போகும்.

8. திறந்தவெளியில் எஸ்டிஐ

கொடை, தேரோட்டம் மாதிரி இடங்களில், 70, 80 மீட்டர் தள்ளித் திரை இருந்தால், எச்டிஎம்ஐ-யை மறந்துவிட்டு, கோஆக்ஸ் வயரில் படத்தைத் தூரம் கொண்டுபோகும் எஸ்டிஐ-க்குப் போங்கள். தொழில்முறைக் கேமராவிலும் மிக்சரிலும் அந்த வாய் இருக்கும். அதன் பிஎன்சி கனெக்டர் திருகிப் பூட்டிக்கொள்ளும், கூட்டத்தில் யார் காலில் சிக்கினாலும் சட்டென்று உருவிக்கொள்ளாது. ஜாதகமும் இல்லை, பூட்டும் இல்லை. நல்ல ஆர்ஜி6 தரத்து வயரில் எச்டி படம் இந்தத் தூரத்தைத் தாண்டும். பிரிக்க எஸ்டிஐ ஸ்ப்ளிட்டர், திரைக்கு முன்னால் எச்டிஎம்ஐ-யாக மாற்றும் குட்டிப் பெட்டி. சிசிடிவிக்கு வாங்கிய மெல்லிய கேபிளை இதற்குப் போட்டுவிட்டு எஸ்டிஐ-யைத் திட்டாதீர்கள்.

9. படம் வரவில்லை என்றால்

ஒரு டிவியை மட்டும் நேராகப் பெட்டியில் சொருகிப் பாருங்கள். வந்தால் பெட்டியும் டிவியும் குற்றமற்றவை. பிறகு ஸ்ப்ளிட்டரைச் சேருங்கள், ஒரு டிவி, இரண்டு டிவி என்று கூட்டிக்கொண்டே போங்கள். எந்த டிவியைச் சேர்த்ததும் படுத்துக்கொள்கிறதோ, அதன் ஜாதகத்தில்தான் தோஷம்.

படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்மினி மாதிரி மினுங்கினால் வயர் நீளம் அதிகம், அல்லது தரம் போதாது. பெட்டியை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள், புள்ளிகள் மறைந்தால் சந்தேகமே வேண்டாம். அங்கே எச்டிஎம்ஐ பூஸ்டர் ஒன்று போடலாம், ஆனால் அதையும் படம் கெடாமல் வருகிற தூரத்துக்குள், நடுவழியில் போட வேண்டும். படம் முழுக்க ரோஸ் அல்லது பச்சை பூசினால் முனையைக் கழற்றி மறுபடி சொருகுங்கள். கனமான வயர் டிவியின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தால் சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும், ஸ்டாண்டில் ஒரு டேக் போட்டுக் கட்டிவிடுங்கள். நன்றாக ஓடியது ஒருநாள் திடீரென்று நின்றால், ஸ்ப்ளிட்டரின் அடாப்டரைத்தான் முதலில் மாற்றிப் பார்ப்பேன். போவது பெரும்பாலும் அதுதான்.

அந்த அடாப்டரில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்ப்ளிட்டருக்குப் பெரும்பாலும் 5 வோல்ட், செட்டாப் பாக்ஸுக்கு 12 வோல்ட், முனை இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வெள்ளையடிக்க டிவி அலமாரியைக் கலைத்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது மாற்றிச் சொருகி, ஸ்ப்ளிட்டரைப் புகைய வைத்த வீடுகள் எனக்குத் தெரிந்தே உண்டு. ஒரு மார்க்கரை எடுத்து ஒவ்வொரு அடாப்டரின் முதுகிலும் அது எதற்கானது என்று பெரிதாக எழுதுங்கள். வயர்களின் இரண்டு முனையிலும் "பட்டாசல்", "மாடி", "அடுக்களை" என்று துண்டுப் பேப்பர் ஒட்டுங்கள். ஆன் செய்யும் வரிசையை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போங்கள். என் செல்போன் நம்பரையும் அதன் கீழே எழுதச் சொல்வார்கள், எழுதிவிடுவேன். இந்தத் தாள் ஒட்டிய வீட்டிலிருந்து அழைப்பு வருவது குறைவு.